கறிக்கடைக்காரன் காத்த வலை

பெல்டன் ஊரில் ஐஸ் ஹாக்கி பிடிக்காத ஒரே ஆண்பிள்ளை கறிக்கடை ஓரெஸ்ட் ஹ்ரிட்சக். அதை அவன் வெளியே சொன்னதில்லை. சொன்னால் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் முழுக்க அவன் கடை சாசேஜை ஒருத்தரும் தொடமாட்டார்கள். அவன் மனைவி க்ளெண்டாவோ பெண்கள் அணியின் கோல் கீப்பர். அவள் ஆடும் ஆட்டங்களுக்குத் தவறாமல் போவான், தவறாமல் தூங்குவான்.

அந்தக் குளிர்காலத்தில் க்ளெண்டாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஊன்றுகோலோடு வீட்டில் அடைந்து கிடந்தவள் கண்ணில் பட்டதோடெல்லாம் சண்டை போட்டாள். சூப்பில் உப்பு, கதவின் கிறீச், ஓரெஸ்ட் மூச்சுவிடும் சத்தம், எதுவும் தப்பவில்லை. இந்த நேரம் பார்த்து ஆண்கள் அணியின் கீப்பர் கூரைப் பனியைத் தள்ளுகிறேன் என்று ஏறி, பனியோடு தானும் சரிந்து தோளை முறித்துக்கொண்டான். வேறு ஆள் தெரியுமா என்று கேட்டு அணித் தலைவன் ட்ரெண்ட் அவளிடம் வந்தான்.

"இந்தாளக் கூட்டிட்டுப் போ," என்று புருஷனைக் காட்டினாள் க்ளெண்டா.

"எனக்கு ஐஸ்ல நிக்கவே வராதே!"

"நீ எங்கயும் ஓட வேணாம். வலைக்கு முன்னாடி நின்னாப் போதும். பாதி வலைய உன் வயிறே அடைச்சிரும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. ஓரெஸ்ட் தலையாட்டிவிட்டான்.

சனிக்கிழமை, பக்கத்து ஊர் லிண்ட்ஹோமோடு ஆட்டம். அவர்களுடைய சூரன் பல் டாக்டர் பெர்க்விஸ்ட். வார நாட்களில் பல்லைப் பிடுங்குவான். வார இறுதியில் தட்டியே எடுத்துவிடுவான். ஓரெஸ்டின் வலைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் க்ளெண்டா.

டாக்டர் மட்டையை ஓங்கியதுமே ஓரெஸ்ட் முட்டியை மடித்துக் கீழே இறங்கினான். இந்த ஆட்டத்தின் பந்தான ரப்பர் வட்டு அவன் தோளுக்கு மேலே சாவகாசமாகப் போய் வலையில் விழுந்தது.

"எதுக்குய்யா முன்னாடியே மண்டி போட்ட? சர்ச்சா இது?" கண்ணாடியில் படபடவென்று அடி விழுந்தது. "அவன் அடிக்கிற வரைக்கும் நில்லு! அவன் மூஞ்சியப் பாக்காத, வட்டப் பாரு!"

அடுத்த முறை நின்றான். ஆனால் வலைக்கு உள்ளேயே ஒண்டி நின்றான். வட்டு ஓரமாகப் புகுந்தது.

"உள்ள என்ன குடித்தனமா நடத்துற? முன்னால வாய்யா! நீ முன்னால வந்தா அவனுக்கு வலை தெரியாது, உன் தொந்திதான் தெரியும்!"

முன்னால் வந்தான். அடுத்த அடி நேராகத் தொந்தியில் வந்து மோதிக் காலடியில் விழுந்தது. ஓரெஸ்ட் அதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். லிண்ட்ஹோம்காரன் ஒருத்தன் வந்து அதை நிதானமாக உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

"பட்டு விழுந்தா அமுக்கணும்! வேடிக்கை பாக்க அது என்ன கோழிக்குஞ்சா?"

அதற்குப் பிறகு ஓரெஸ்ட் நின்றான், முன்னால் வந்தான், அமுக்கினான். பெல்டன்காரர்களுக்குத் தைரியம் வந்து நாலு கோல் போட்டார்கள். கடைசி நிமிடத்தில் வட்டோடு தனியாகக் கிளம்பி வந்தான் டாக்டர். ஓரெஸ்ட் முன்னால் பாய்ந்தான். பாயத் தெரிந்தவனுக்கு நிற்கத் தெரியவில்லை. போன வேகத்தில் டாக்டரின் காலை வாரிவிட்டு, அந்தப் பக்கத் தடுப்புப் பலகையில் போய் மோதித்தான் நின்றான்.

பெனால்ட்டி. டாக்டர் தனியாக வந்து அடிக்கலாம், தடுக்க ஓரெஸ்ட் மட்டும்தான்.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தான். க்ளெண்டா தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக் குனிந்திருந்தாள். அத்தனை வருஷம் தன் வலையைக் கண் இமைக்காமல் காத்தவளுக்கு இதைப் பார்க்கும் தெம்பு இல்லை.

டாக்டர் வந்தான். இடப்பக்கம் தோளைச் சாய்த்துக் காட்டினான். ஓரெஸ்ட் அசையவில்லை. வலப்பக்கம் காட்டினான். அசையவில்லை. பாதி புத்தி, பாதி பயம். கண் மட்டும் வட்டை விட்டு நகரவில்லை. இவன் விழுவான் விழுவான் என்று காத்திருந்தே டாக்டர் ரொம்பக் கிட்டே வந்துவிட்டான். அடிக்க இடமில்லை. அடித்தது கால் பேடில் பட்டுத் தெறித்தது. ஓரெஸ்ட் மாட்டுத் தொடையை மேசையில் போடுவதுபோல் அதன்மேல் தொப்பென்று விழுந்தான்.

"பெனால்ட்டியில பட்டுத் திரும்பினா முடிஞ்சது. எந்திரிய்யா," என்றார் நடுவர்.

"வீட்டுல அமுக்கச் சொல்லிருக்காங்க," என்று முனகினான் ஓரெஸ்ட்.

நாலுக்கு மூன்று, பெல்டன் ஜெயித்தது. காரில் க்ளெண்டா, "நான் பாக்கல. சொல்லு," என்றாள். சொன்னான். "உன் மட்டை ஐஸ்ல பதிஞ்சு இருந்துச்சா?" இருந்தது என்றான். "இன்னொரு தடவை சொல்லு." இந்த முறை கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புளுகாத," என்றாள்.

வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு முன்னால் ஓரெஸ்டை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி துடைப்பக் கட்டையால் ஒரு உருளைக்கிழங்கை அடித்தாள் க்ளெண்டா. அது அவன் இரண்டு காலுக்கும் நடுவில் உருண்டு போனது.

"காலச் சேத்து வை," என்றாள்.

ஓரெஸ்ட் குனிந்து கிழங்கை எடுத்து அவளிடம் உருட்டிவிட்டான்.