ஏழாம் பக்கத்தில் அடித்த வரி

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டாள் மகள். முதுகுக்கு மூன்று தலையணை. நோட்டரி வக்கீல் முத்திரையும் கையுமாகக் கட்டிலோரம் காத்திருந்தார்.

"படிச்சுக் காட்டட்டுமாப்பா?"

"எனக்குக் கண்ணு இருக்கு."

மனுவும் பிரமாணப் பத்திரமுமாகப் பன்னிரண்டு பக்கம். அட்டைப்பெட்டிக் கம்பெனியை அவரும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகத் தொடங்கியவர்கள். போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி அறிவிப்புகூட அனுப்பாமல் கூட்டம் போட்டு அண்ணனை இயக்குநர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார். புதுப் பங்குகளை வெளியிட்டு எல்லாவற்றையும் தன் பேரிலேயே எழுதிக்கொண்டார். அதை நினைத்தாலே மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளும் வக்கீல்தான். எந்த வழியில் போவது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றும் வழக்காகப் போட்டால் அப்பாவின் முறை வர இரண்டு வருஷமாகும். டாக்டர் சொன்னதோ ஒரு வாரம், அதில் ஐந்து நாள் போய்விட்டது. பங்குதாரரை ஒடுக்கியதற்கு எதிரான மனுவென்றால் பிரமாணப் பத்திரமே சாட்சி. அவர் இருக்கும்போதே, அவர் பேரிலேயே தாக்கலாக வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அவன் கூண்டுல ஏறி என் மொகத்தப் பாத்துப் பதில் சொல்லணும்மா."

"வேணும்னா அவரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லி ஜட்ஜுகிட்ட கேக்கலாம்ப்பா. முதல்ல நீங்க சொல்றது உள்ள போகட்டும்."

"உங்கம்மாவேதான். கேக்குற மாதிரி கேட்டு நீயே முடிவெடுத்துருவ."

"இப்பவும் என் தலைதான் கெடச்சுதா?" என்றாள் அம்மா. நோட்டரி இருமிச் சிரிப்பை மறைத்தார்.

ஏழாம் பக்கத்தில் அப்பா நின்றுவிட்டார். "இது என்ன?"

'மேற்கண்டவை இயலாதபோது, கம்பெனியைக் கலைத்துவிட உத்தரவிட வேண்டும்.'

"எல்லாரும் சேக்குறதுதாம்ப்பா. இது இருந்தா சித்தப்பா பயப்படுவாரு."

"அறுபது பேரு வேலை பாக்குற எடம். அவன் பண்ணதுக்கு அத ஏன் சாகடிக்கிற?"

பேனாவைப் பிடுங்கி வரியை அடித்தார். கோடு கோணிக்கொண்டு போயிற்று. மகளுக்கு முகம் சுருங்கியது. மாதிரிப் படிவத்திலிருந்து யோசிக்காமல் எடுத்துப் போட்டது அவள்தான்.

முழுவதையும் புதிதாக அச்செடுத்து வந்தாள். அப்பா மறுபடி படித்து, உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டார். பிறகு தாள்களை மடியில் நிறுத்தி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டி, ஓரம் சேர்ந்த பிறகே கொடுத்தார். அட்டையை வெட்டப் போடுமுன் செய்கிற பழக்கம். கம்பெனியில் வேறு யார் தட்டினாலும் அவருக்குப் பிடிக்காது, தம்பியைத் தவிர.

பதினொரு மணிக்கு மகள் கோர்ட்டிலிருந்து திரும்பினாள்.

"போயிருச்சா?"

"கேஸ் நம்பரே போட்டாச்சுப்பா."

"கெட்டிக்காரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணிக்கு மூச்சு நின்றது. வக்கீலாவது மண்ணாவது, அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளையாய் அழுதாள்.

நாலு மணிக்குச் சித்தப்பா வந்தார். வாசலில் கூடியிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் படியிலேயே நின்று, "அண்ணி, நான் உள்ள வரலாமா?" என்றார். அம்மா மகளைப் பார்த்தாள்.

"வாங்க சித்தப்பா. கோர்ட் நோட்டீஸ் முறைப்படி வரும். இன்னிக்கு நீங்க அவருக்குத் தம்பி."

அண்ணன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். "என்னைப் பத்தி எதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

"சொன்னாரு. பன்னெண்டு பக்கம்."



யாரோ மின்விசிறியை வேகமாக வைத்தார்கள். காலையில் ஒதுக்கிவைத்த பழைய வரைவு மேசையிலிருந்து பறந்து தரையெல்லாம் சிதறியது. சித்தப்பாதான் குனிந்து பொறுக்கினார். வரைவு எதிராளி கைக்குப் போகக் கூடாதென்பது கத்துக்குட்டி வக்கீலுக்கும் தெரியும். அவள் தடுக்கவில்லை.

கடைசியாக எடுத்தது ஏழாம் பக்கம். அந்த வரியையும் அதன் மேல் கோணிக்கொண்டு போன கோட்டையும் பார்த்தபடியே இருந்தார். அடித்தது யாரென்று கேட்கவில்லை.

பிறகு தாள்களை மடியில் நிறுத்தி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டி, ஓரம் சேர்த்து அவளிடம் நீட்டினார்.