நிழலில் பார்க்க வேண்டிய பச்சை

அந்த வீட்டிலிருந்த பேச்செல்லாம் மாமியாரோடு போய்விட்டது. இருந்தவரை அவள் தனக்கும் பேசி, தன் புருஷனுக்கும் சேர்த்துப் பேசினாள். அவர் தும்மினால்கூட அதற்கு என்ன அர்த்தம் என்று அவள்தான் சொல்வாள். ஊமைக்கோட்டான் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். நாளடைவில் அதில் பாதி தேய்ந்து வெறும் கோட்டான் ஆகிவிட்டது.

அவள் படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள் மருமகள். மகன் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். எல்லாம் முடிந்த பிறகு அவள் அவனிடம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மாமியாருக்கு மருந்து கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வயலில் நின்றதில், மண் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. மாமனாரும் மருமகளுமாக இருந்தார்கள். காலையில் மேசைமேல் டீ இருக்கும், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். பம்புசெட் சாவி ஆணியில் இருந்தால் தண்ணீர் பாய்ந்துவிட்டது, இல்லையென்றால் அவர் வயலில் இருக்கிறார். பேச வேண்டியதை இப்படிப் பொருள்களே பேசிக்கொண்டன. குறையென்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்தப் போகம் வயலைத் தன் கையில் விடச் சொல்லிக் கேட்டாள். உரத்தைக் குறைத்து, விளைச்சலைக் குறைக்காமல் எடுத்துக் காட்டுகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். மகன்தான் போனில் நிபந்தனை போட்டான். ஒரே ஒரு போகம் பார்ப்பது. போன முறை வந்த அளவு வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் நகரத்துக்கு வந்துவிட வேண்டும். அவள் சரி என்றாள். அந்தச் சரியில் அவளுக்கு இருந்த உறுதியைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

நடவுக்கு முன் தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்பே மடக்கி உழுதாள். நாற்றை இடைவெளி விட்டு நட்டாள். வேளாண்மை அலுவலகப் பயிற்சியில் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் அட்டை அவளிடம் இருந்தது. வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும் பட்டைகள் அதில் உண்டு. வாரந்தோறும் வயலில் இறங்கி, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையின்மேல் வைத்துப் பார்ப்பாள். பார்க்கும்போது வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். வெயில் பட்டால் பச்சை வெளுப்பாகத் தெரியும், வெளுப்பைப் பார்த்தால் கை உரத்துக்குப் போகும். அதனால் தன் நிழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று, கேட்காமலேயே ஒருநாள் அவருக்குச் சொன்னாள். அட்டையில் குறித்த பட்டையைவிட இலை வெளுத்தால் கொஞ்சம் யூரியா. இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு வரப்பேறிவிட வேண்டும்.

பல வாரங்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் ஏறினாள்.

பக்கத்து வயல் உரக்கடைக்காரருடையது. கடையே அவருடையது என்பதால் பயிருக்கு விருந்துதான். கருகருவென்று நின்றது. அதன் பக்கத்தில் இவர்கள் வயல் வெளிறித் தெரிந்தது. டீக்கடையில் உரக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"என்ன கோட்டான், உம்ம மருமக பயிருக்குப் பத்தியம் வச்சிருக்காளா? காய்ச்சல் கண்ட மாதிரி நிக்குது."

கடையே சிரித்தது. "அட்டையைக் காட்டினா பயிர் பயந்துபோய் வளந்துரும்யா" என்றார் இன்னொருவர். மாமனார் டீயைக் குடித்து முடித்து எழுந்துவந்தார். தன்னைச் சொன்னால் உறைத்திருக்காது. வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய காது. அவளைச் சொன்னது வழியெல்லாம் உடன் வந்தது.

அதற்குப் பிறகு வயலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெளுப்புதான் கண்ணில் பட்டது. வெயிலில் நின்றுதான் பார்த்தார். பசியோடு நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. விளைச்சல் குறைந்து, அவள் தலை குனிந்து, மகனுக்கு முன்னால் பெட்டி கட்டுவதை நினைத்துப் பார்த்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னம்மா, இப்படி வெளுத்திருக்கே என்றிருந்தால் அவள் அட்டையை எடுத்துக் காட்டியிருப்பாள். ஆனால் அவர் கேட்கும் ஜாதி இல்லை. செய்யும் ஜாதி.

பயிர் சூல் கட்டும் சமயம் அவள் பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போனாள். கொட்டகை மூலையில் பழைய யூரியா மூட்டை ஒன்று கிடந்தது. ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்ததைக் கல்லால் உடைத்து வாளியில் நிரப்பினார். பனி காய்ந்ததும் இறங்கி வீசினார். பழகிய கை, எங்கும் ஒரே சீராக விழுந்தது. மடைக்கு எதிர்மூலைக்கு வந்தபோது வாளி காலி. அந்த மூலை மட்டும் விட்டுப்போனது. போகட்டும் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்த முறை அட்டையை வைத்துப் பார்த்தவள் வயலிலிருந்தே கூப்பிட்டாள். "மாமா, இங்க வந்து பாருங்களேன். நம்ம தக்கைப்பூண்டு இப்பத்தான் வேலை செய்யுது!" அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். அந்த வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை. தலையை ஆட்டினார்.

பயிர் மதமதவென்று எழும்பியது. இலைச் சுருட்டுப்புழு வந்தது. கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கிய நேரத்தில் காற்றோடு மழை. விடிந்து போய்ப் பார்த்தால், உரத்தில் கொழுத்த தாள் காற்றைத் தாங்காமல் வயல் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. உரக்கடைக்காரர் வயலும்தான் படுத்திருந்தது. அவருக்கு அது ஒரு போகம், அவ்வளவுதான். எதிர்மூலையில் மட்டும் ஒரு துண்டு, கதிர் கனத்து வளைந்து, தாள் நிமிர்ந்து நின்றது.

அறுவடை இயந்திரம் வந்த அன்று அவள் அந்த மூலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். ஓட்டுநர் இயந்திரத்தின்மேல் இருந்தபடி காத்திருந்தார்.

"இந்த மூலை மட்டும் எப்படி மாமா சாயாம நிக்குது?"

அவர் வானத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"காத்து அந்தப் பக்கம் படலை போலம்மா."

பேசாத மனுஷன் பேசியதால் அவள் அதை அப்படியே நம்பினாள். ஓட்டுநருக்குக் கையைக் காட்டினாள். நின்ற நெல்லும் கிடந்த நெல்லும் ஒரே தொட்டியில் விழுந்தன. முளைவிட்டது, பதர், சேறு ஒட்டியது, மணியானது எல்லாம் ஒன்றாய்க் கலந்தன.

விளைச்சல் குறைந்தது. கொஞ்சநஞ்சமல்ல. மகன் போனில் திட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது. நிலத்தை உரக்கடைக்காரரே குத்தகைக்குக் கேட்டிருந்தார். பேசி முடித்தார்கள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். பானைகளுக்கு நடுவில் வைக்கப் பழைய துணியைக் கிழித்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "எனக்குப் பார்க்கத் தெரியலை மாமா. அட்டை சரியாத்தான் இருந்திருக்கும். என் கண்ணுதான் சரியில்லை."

அவர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"நான்தாம்மா போட்டேன்."

"என்ன மாமா?"

"யூரியா. நீ பல்லு காட்டப் போன அன்னிக்கு. அந்த மூலைக்குப் பத்தலை."

துணி கிழியும் சத்தம் நின்றது. அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுக்குறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா," என்றாள் கடைசியில், "அந்த மூலையைத் தனியா அறுத்து அளந்திருப்பேனே மாமா."

துணியை மறுபடி கிழிக்கத் தொடங்கினாள்.

அன்று மாலை அவரே மகனுக்குப் போன் போட்டார். அவர் போன் போட்டு அவன் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் மெதுவாகச் சிரித்தான். "அப்பா, அவளுக்காக நீங்க பழியை ஏத்துக்கிறீங்க. எனக்குப் புரியுது. விடுங்க, இங்க வந்து நிம்மதியா இருங்க." டீக்கடைக்கும் போய்ச் சொன்னார். உட்காராமல், நின்றபடியே சொன்னார். உரக்கடைக்காரர் எழுந்துவந்து தோளில் தட்டினார். இந்த முறை கேலி இல்லை, நிஜமான மரியாதை.

"மருமகளுக்காகக் கோட்டானே வாயைத் திறந்துட்டாரு. இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்க்கும்?"

இல்லை, நிஜம்தான் என்றார். எல்லோரும் கனிவோடு தலையசைத்தார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் காலையில் ஆணியில் சாவி இருந்தது, மேசைமேல் டீ இருந்தது, அவள் இல்லை. வயலுக்குப் போனார். எதிர்மூலையில் குனிந்து நின்றாள். அறுத்த தாள்களிலிருந்து மறுதாம்பு துளிர்த்திருந்தது. அவள் கையில் அட்டை. சூரியன் எதிரே வந்துவிட்டதால் ஒருபக்கம் திரும்பிப் பார்த்தாள், மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையில் இலை, ஒரு கையில் அட்டை; நிழல் சரியாக விழவில்லை.

"கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க மாமா. வெயில் அடிக்குது."

அவர் வந்து நின்றார். அவருடைய நிழல் அவள் கைமேல் விழுந்தது. சாலையில் உரக்கடைக்காரரின் டிராக்டர் வயலை உழத் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அசையவில்லை.