இருபது மீட்டர் தடிப்பில் ஒரு கோடு

எதிர்வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொள்வதில் எவ்வளவு வசதி என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள். கல்யாணம் முடிந்து அவளுடைய சாமான்களைக் கொண்டுபோக வண்டிகூடப் பிடிக்கவில்லை. பீரோவை நாலு பேர் தூக்கினார்கள், தலையணையை அவளே இடுக்கிக்கொண்டாள், தெருவைக் குறுக்கே கடந்தாள், புகுந்த வீடு வந்துவிட்டது. மூக்கைச் சிந்தி வழியனுப்பிய அம்மாவிடம் மறுநாள் விடியும் முன்பே சர்க்கரை கேட்டுப் போய் நின்றாள்.

"ஏன்டி, ஒரு நாளாவது என்னைப் பிரிவுத் துயர்ல இருக்க விடமாட்டியா?" என்றாள் அம்மா.

அம்மா தையல்காரி. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூரத்து ஊர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. உப்பு வேண்டும் என்று அவர் சமையலறையில் சொன்னால் தெருமுனைக் கடைக்காரர் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார். இந்த இரண்டு சம்பந்திகளுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் மாமியாருக்குக் கை தூக்க முடியவில்லை. வேண்டுமென்றே பிடித்துத் தைத்தாள் என்பது மாமியார் கட்சி. கல்யாணப் பேச்சு நடந்த மாதங்களில் சம்பந்திதான் வளர்ந்துவிட்டார் என்பது அம்மா கட்சி. இரண்டு கட்சிகளும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாசலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தன.

அவளுக்கு நகர மன்றத்தின் வரைபடப் பிரிவில் வேலை. அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேஜையில் தாளை விரித்துக் கோடு போடுவாள். அதைக் கணினி படம் எடுத்து விழுங்கிக்கொள்ளும். ஆபீசில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஸ்கேலு என்றால்தான் திரும்புவாள்.

அந்த வருஷம் மன்றத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. வார்டுகள் எல்லாம் தலைக்கணக்கில் சமமாக இருக்க வேண்டும், அந்தந்த வார்டுக்காரர் அந்தந்த வார்டின் வசதிகளை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எந்தத் தீர்மானம்தான் கேட்பதற்கு நன்றாக இல்லை? ஆனால் தலைகளைச் சமமாகப் பங்குபோட்டுக்கொண்டே வந்த கோடு, அவள் தெருவுக்கு வந்தபோது நட்டநடுத் தெருவில் ஓட வேண்டியதாயிற்று. மாமியார் வரிசை மேல் வார்டு. அம்மா வரிசை கீழ் வார்டு.

அந்தக் கோட்டைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. காரணம் தெருமுனையில் இருந்தது: ஒரு சின்ன சுகாதார நிலையம். முந்தைய மாதம் அம்மா தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். ரத்த அழுத்தம் கண்டபடி ஏறியிருந்தது. வாராவாரம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு வாரம்கூட விடக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த நிலையம் இனி மாமியாரின் மேல் வார்டுக்கு. கீழ் வார்டுக்கான நிலையம் ரயில் பாதைக்கு அப்பால், மேடேறிப் படியேறிப் போக வேண்டும். வலிக்கும் முழங்காலோடு அம்மா போக மாட்டாள். போகாமலே "போனேன்டி, நல்லாத்தான் இருக்காம்" என்று புளுகுவாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"சார், எங்க தெருவை மட்டும் முழுசா ஒரு பக்கம் தள்ளிடலாமே" என்று பிரிவுத் தலைவரான பொறியாளரிடம் கெஞ்சினாள்.

"எந்தப் பக்கம் தள்ளினாலும் தலைக்கணக்கு இடிக்குதும்மா. கோடு நடுவுலதான். பேசாம போடு."

மெல்லிய பேனா காய்ந்துபோயிருந்தது. சும்மா ஒத்திகைக்குத்தானே என்று கைக்குக் கிடைத்த ரோஸ் நிற மார்க்கரால் தன் தெருவின் கோட்டை மட்டும் இழுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள். முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் பொறியாளர் அவசரத்தில் அந்தத் தாளையே சுருட்டிக்கொண்டு போய், கணினிக்குத் தின்னக் கொடுத்து, மன்றத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

கணினிக்கு மெல்லிய கோடுகளைத்தான் கோடு என்று தெரியும். தடியாக ஒன்றைப் பார்த்ததும் அது ஏதோ ஓர் இடம் என்று எடுத்துக்கொண்டது. அந்த இடத்துக்குள் அவளுடைய தெரு, இரண்டு வரிசை வீடுகளோடு, முனையில் இருந்த சுகாதார நிலையத்தோடு, அப்படியே அடங்கிவிட்டது. மேல் வார்டிலும் இல்லை, கீழ் வார்டிலும் இல்லை. கோட்டுக்குள் இருந்தது.

முதலில் மேல் வார்டுக் குப்பை வண்டி வரவில்லை. பிறகு கீழ் வார்டுக் குப்பை வண்டியும் வரவில்லை. மேல் வார்டு உறுப்பினருக்குக் கைகுலுக்கி என்று பெயர். பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் நம் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். கீழ் வார்டு உறுப்பினருக்குப் பார்க்கலாம் என்று பெயர். வீடு பற்றி எரிகிறது என்றாலும் "பார்க்கலாம்" என்பார். இருவரிடமும் தெருவே திரண்டு போனது. கைகள் குலுக்கப்பட்டன. பார்க்கலாம் என்று சொல்லப்பட்டது.

அந்த வாரம் அம்மா நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் கணினியைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வார்டு இல்லைன்னு காட்டுதும்மா. வார்டு போடாம மாத்திரை எடுக்க விடமாட்டேங்குது. நான் என்ன பண்றது?"

அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றது மாமியார். அவருக்கும் அதே பதில்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு சம்பந்திகளும் ஒரே விஷயத்துக்காகக் கோபப்பட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பேசிக்கொள்ளவில்லை என்றாலும் ஒரே வேகத்தில் நடந்தார்கள்.

"ஏன்டிம்மா, கோடு போடத் தெரியாமத்தான் உனக்கு அங்க சம்பளம் தர்றாங்களா?" என்று மாமியார் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டார். பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது.

இந்தத் தெரு யாருடையது என்ற எல்லைத் தகராறு முற்றியதும் மன்றம் இன்னொரு உத்தரவு போட்டது. தரையிலேயே கோட்டை வரைந்துவிட்டால் எவர் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? பொறியாளர் தன் அழகான நடையில் எழுதினார்: வரைபடத்தில் உள்ளது உள்ளபடியே, எள்ளளவும் மாறாமல், அதே நிறத்தில்.

உத்தரவைத் தூக்கிக்கொண்டு பெயின்டர் அவள் மேஜைக்கு வந்தார். எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்ளும் ஆள்.

"அக்கா, கோடு எவ்வளவு தடிப்பு?"

ஒரு சாண் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நடுத்தெருவில் ஒரு பட்டை ஓடியிருக்கும், அம்மா ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஆளாகியிருப்பாள். அவள் உத்தரவைப் படித்தாள். எள்ளளவும் மாறாமல். இன்னொரு தடவை படித்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. ஸ்கேலை எடுத்து வரைபடத்தில் வைத்து அளந்தாள்.

"தாள்ல ரெண்டு மில்லி. தரையில அதுக்குப் பத்தாயிரம் மடங்கு. இருபது மீட்டர்."

"இருபது சென்டியா?"

"மீட்டர்."

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "அக்கா, தெருவே அவ்வளவு அகலம் இல்லையே."

"ரெண்டு பக்கமும் வீடு இருக்குல்ல? பின்சுவர்லேர்ந்து பின்சுவர் வரைக்கும் அளந்து பாருங்க, சரியா வரும்."

"அப்ப வீட்டையும்..."

"உள்ளது உள்ளபடியேன்னு எழுதியிருக்கு. நான் எழுதல, சார் எழுதினது."

பெயின்டர் ஓடிப்போய்ப் பொறியாளரிடமும் கேட்டார். "வரைபடத்துல இருக்கிறபடி செய்யுங்கன்னு எழுதிக் கொடுத்தாச்சு, இன்னும் என்ன சந்தேகம்?" என்று அவர் போனிலிருந்து காதை எடுக்காமலே விரட்டிவிட்டார்.

மறுநாள் காலை டின் டின்னாக ரோஸ் பெயின்ட் வந்து இறங்கியது. ஏழெட்டுப் பேர் தூரிகையும் உருளையுமாகத் தெருவின் ஒரு முனையில் தொடங்கினார்கள். தார் ரோடு ரோஸ் ஆனது. நடைபாதை ரோஸ் ஆனது. பிறகு படிகள், முன்சுவர்கள், கதவுகள். வாசலில் நாற்காலியைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்கரை எழுப்ப மனம் வராமல் நாற்காலியின் நாலு காலையும் மட்டும் அடித்துவிட்டு நகர்ந்தார்கள். திகைத்து நின்ற சனம், செலவு மன்றத்துடையது என்று தெரிந்ததும் தலைகால் புரியாமல் ஆடத் தொடங்கியது. ஆளாளுக்குப் பீரோவையும் கட்டிலையும் நகர்த்திக்கொண்டு, "இங்கேயும் கோடு வருது பாருப்பா, இந்த மூலையில!" என்று பெயின்டரைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"என் ஹாலை விட்டுட்டுப் போனீங்கன்னா பாத்துக்கோங்க!" என்றார் மாமியார். "அந்தச் சுவர் பெயின்ட்டைப் பாத்து வருஷக்கணக்காச்சு. கோடு என்ன, என் வீட்டு வாசலோட நின்னுடுமா?"

எதிரிலிருந்து அம்மா, "சம்பந்தி, மேல்கூரையையும் அடிக்கச் சொல்லுங்க, விட்டுடுவாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

ஜாக்கெட்டுக்குப் பிறகு அம்மா மாமியாரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மாமியார் வாசலுக்கு வந்து எதிர்வரிசையை நேராகப் பார்த்தார். தெருவே வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனித்தது. பிறகு, "ஆமாமா, நல்லா சொன்னீங்க!" என்றார்.

பஸ் டிரைவரான அவள் புருஷன் மதியம் வேலை முடித்து வந்தான். வீடுகள் எல்லாம் ஒரே நிறம், கதவுகள் எல்லாம் ஒரே நிறம். நேராக உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "என்ன இன்னைக்கு?" என்றான். பரிமாற வந்தது அவனுடைய மாமியார். "வாங்க மாப்பிள்ளை, சொல்லாம வந்திருக்கீங்க" என்று அம்மா குழம்பை ஊற்றினாள். அவன் முதல் வாயை விழுங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

விஷயம் மன்றத்துக்கு எட்டியது. மன்றத் தலைவர் அம்மா காரில் வந்து இறங்கினார், சிரித்துப் பழக்கமில்லாத முகம். பின்னாலேயே பொறியாளர், கைகுலுக்கி, பார்க்கலாம்.

"ஸ்கேலு! என்னம்மா இது?" என்று பொறியாளர் அலறினார்.

"கோடு சார்."

சொல்லிவிட்டு அவள் ஓரடி பின்வாங்கினாள். வேலை போனாலும் போகும். ஆனால் சுகாதார நிலையத்தின் வாசலில், ரோஸ் படியில், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் திரும்ப ஓரடி முன்னால் வந்தாள்.

தலைவர் அம்மா தரையைப் பார்த்தார், சுவர்களைப் பார்த்தார், கணக்கரின் நாற்காலிக் கால்களைப் பார்த்தார். "இப்ப நான் எந்த வார்டுல நிக்கிறேன்?"

"எதுலயும் இல்லம்மா. எல்லைக்கோட்டு மேல நிக்கிறீங்க" என்றாள் அவள். "போன வருஷம் ஒரு லைட் கம்பத்துக்குச் சண்டை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கம்பம் சரியா எல்லையில நின்னுச்சு. பல்பு மாத்த மாட்டோம்னு ரெண்டு வார்டும் சொல்லிடுச்சு. அப்ப மன்றத்துல என்ன முடிவு பண்ணீங்க?"

கைகுலுக்கி குலுக்கக் கை தேடினார். கிடைக்கவில்லை.

"எல்லைக்கோட்டு மேல இருக்கிறது எதுவா இருந்தாலும் ரெண்டு வார்டுக்கும் பொது, ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாத்துக்கணும்னு..." என்று பார்க்கலாம் இழுத்தார். "நான்தான் முதல்ல கை தூக்கினேன்."

"நாங்க அந்தக் கம்பம் மாதிரிதாங்க" என்றாள் அவள். "கொஞ்சம் தடிப்பு."

தலைவர் அம்மாவின் உதடு துடித்தது. கர்ச்சீப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். அதற்குள் மாமியார், "ரெண்டு குப்பை வண்டியும் வரணும்! காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு!" என்று முழக்கினார். தலைவர் அம்மா உடைந்தார். காரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பொறியாளர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார்.

"இதை அழிக்கணும்னா இதைவிட ரெண்டு மடங்கு செலவு" என்றார் தலைவர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இருந்துட்டுப் போகட்டும். பொதுன்னா பொது. கணினியில இன்னைக்கே ஏத்துங்க."

அவளுக்குத் தண்டனையும் உண்டு. இனிமேல் மார்க்கரைத் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது தெரியாது. அன்று மாலையே வரைபடப் பிரிவின் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவர் கையில் பச்சை மார்க்கர், இன்னொருவர் கையில் மஞ்சள். "எங்க தெருவையும் கொஞ்சம் தடிப்பா இழுத்து விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்கள். கும்பிட்டுத் தப்பித்து வீட்டுக்கு ஓடினாள்.

ரோஸ் தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. முனையில், நிலையத்தின் கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே போயிருக்கிறாள் என்றான் புருஷன். கூட யார் போனார்கள் என்று கேட்டாள். "எங்கம்மாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க" என்றான். அவள் நம்பவில்லை. நம்பாமல் நடுத்தெருவில், ஒரு காலத்தில் கோடு ஓடியிருக்க வேண்டிய இடத்தில், பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள். அம்மாவின் ரத்த அழுத்தம் என்ன அளவு காட்டுமோ என்று பயமாக இருந்தது.

நிலையத்தின் வாசலுக்கு மாமியார் வந்தார். ஒரு கை இடுப்பில், ஒரு கை வாயோரம், எக்ஸ்சேஞ்சில் இருந்த நாட்களைப் போல.

"சம்பந்திக்குப் பிரஷர் நார்மல்!"

மேல் வார்டுக்கும் கேட்டது, கீழ் வார்டுக்கும் கேட்டது. அவள் நடுத்தெருவில் நின்றபடியே சத்தம் போட்டு அழுதாள், அதே மூச்சில் சிரித்தாள்.