மி, ஃபா கட்டைகளுக்கு நடுவே

மெலாஹத்தின் பாட்டுக்குரல் 1934 நவம்பரில் அவளை இஸ்தான்புல்லில் விட்டுவிட்டுக் கிளம்பி, அங்காராவில் அவள் தம்பி வீட்டுப் பியானோவில், மி, ஃபா என்னும் இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே குடியேறியது. எந்த ரயிலில் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அந்த வாரம் நிலக்கரி விலை ஏறியிருந்தது. முதல் பனியும் விழுந்திருந்தது.

தம்பி ஃபெரிதுன் இசையமைப்பாளன். அரசாங்கச் செலவில் பாரிசில் படித்து வந்தவன். புதிதாகக் குடியரசான நாட்டுக்குப் புதிய இசை எழுதித் தரவேண்டிய சிலரில் ஒருவன். பழைய பாட்டை இனி வானொலியில் வைக்கலாமா என்று பேசுவதற்குக் கூடிய கூட்டத்துக்கு அவனையும் அழைத்திருந்தார்கள். பழைய பாடகர்கள் பிடிக்கும் நுட்பமான சுரங்களை என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். ஃபெரிதுன் எழுந்துபோய், மூலையிலிருந்த பியானோவில், இடையே கறுப்புக் கட்டை இல்லாத மி, ஃபா இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டினான். "இதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்லைங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சில நாளில் பழைய பாட்டுக்குத் தடை வந்தது. வானொலியில் அந்த நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தவள் அவனுடைய அக்கா. தாயில்லாத வீட்டில் அவனைத் தூங்கவைத்ததும் அந்தக் குரல்தான்.

இப்போது அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடத் தொடங்கி, மாலைத் தேநீர் கொதிக்கும்வரை பாடியது. ஃபெரிதுன் கட்டைகளுக்கிடையே கம்பளித் துணியைச் செருகிப் பார்த்தான். குரலுக்குச் சளி பிடித்ததுபோல ஆயிற்றே தவிர, நிற்கவில்லை. சுருதி கூட்ட வந்த ஆகோப் பியானோவுக்குள் தலையை விட்டுக் கேட்டுவிட்டு, "ஐயா, பெட்டியில கோளாறு இல்ல. வந்திருக்கிறது உங்க வீட்டு ஆளு" என்று கருவிகளை மூட்டை கட்டினார். ஃபெரிதுன் மனைவி சுஹெய்லா, "அக்காவுக்குச் சொல்லிடுங்களேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அவன் இஸ்மிர் அத்திப்பழம் ஒரு பெட்டி வாங்கி அக்காவுக்கு அனுப்பிவைத்தான். விடுமுறைக்கு இஸ்தான்புல் போவதை நிறுத்திக்கொண்டான். அந்தக் குளிர்காலம் முழுக்கக் குரலின் எதிரே உட்கார்ந்து ஒரு சிம்பொனி எழுதினான். அதன் மெதுவான பகுதியில் வயலின்கள் எந்தக் கட்டையிலும் இறங்காமல் வழுக்கிக்கொண்டே போகும். பிராகில் அதைக் கேட்டவர்கள், இவ்வளவு புதிய ஒன்றைக் கேட்டதில்லை என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றிலிருந்து கைதட்டல் தொடங்கும் முன்பே அவன் அரங்கை விட்டு வெளியேறினான்.

இரண்டு வருடத்துக்குள் தடை நீங்கியது. பாடகர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மெலாஹத் ஒலிவாங்கி முன்னால் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பேசுகிற குரல் இருந்தது, பாடுகிற குரல் இல்லை. தொண்டை டாக்டரைப் பார்க்க ரயிலேறி அங்காரா வந்தாள்.

வந்து இறங்கியது மதியம். சுஹெய்லா கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாரிசுல படிச்சவன் வீட்டுலயும் டீ கழுநீர் மாதிரிதானா இருக்கும்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உள்ளறையில் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான் ஃபெரிதுன், "அது வந்து..."

"தெரியும்டா. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்டுட்டேன். என்ன சொல்லி இதை இங்க வரவழைச்சே?"

அவன் பியானோவிடம் போய் இரண்டு கட்டைகளையும் தட்டினான். கூட்டத்தில் சொன்னதை அப்படியே சொன்னான்.

"சொல்லும்போது உனக்குத் தெரியுமா, நடுவுல இருக்குன்னு?"

"தெரியும்க்கா."

மெலாஹத் கோப்பையைக் கீழே வைத்தாள். ஃபெரிதுன் சமையலறைக்கு ஓடிக் கத்தியைக் கொண்டுவந்து கட்டைகளைப் பெயர்க்கப் பார்த்தான். "விடுடா. நெம்பி எடுக்கிறதுக்கு அதென்ன ஆணியா?" என்றாள். மன்னித்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. உள்ளறையிலேயே துணிப்பெட்டியை இறக்கித் தங்கிவிட்டாள்.

அதன்பின் ஃபெரிதுன் பியானோவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தே எழுதினான். அவனுடைய பிற்காலப் படைப்புகள் எதிலும் மியும் ஃபாவும் அடுத்தடுத்து வருவதில்லை. ஆய்வாளர்கள் அதற்கு ஒரு கோட்பாடு சொல்கிறார்கள். மெலாஹத் மதியங்களில் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். "அங்க அவசரப்படாதே," என்று தன் குரலைத் திருத்துவாள். அது கேட்டுக்கொள்ளும்.

1951 வசந்தத்தில் அவள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் மதியமும் குரல் வழக்கம்போலத் தொடங்கியது. அதைக் கேட்க அக்கம்பக்கத்தில் வானொலிகளைத் தணித்தார்கள். சுஹெய்லா பட்டாணித் தட்டைக் கொண்டுவந்து அந்த நாற்காலியின் மேல் வைத்தாள். ஃபெரிதுன் தட்டை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, உரிக்கத் தொடங்கினான்.