கோயில் மண்டபத்தில் கிடைத்த அட்மிஷன்

"அப்ப கொலிச் தேவையில்லை எண்டோ சொல்லுறீங்கள்?" என்று பிரியந்தி அருள்நேசனிடம் மறுபடியும் கேட்டாள்.

வால்தம்ஸ்டோ தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிரியந்திக்கு நேர்ஸ் ஆகவேண்டும். கொலிச்சில் ஒரு வருடம் ஆயத்தப் படிப்பு முடித்தால் பல்கலைக்கழகத்தில் நேர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கோயில் பங்கில் பாதிப் பேருக்குப் பல்கலைக்கழக அட்மிஷன் எடுத்துக் கொடுத்த அருள்நேசன் சிரித்தார். "ஏன் தங்கச்சி சுத்திப் போறீர்? நேரா யூனிவர்சிட்டியில பிஸ்னஸ் டிகிரி. கிழமைக்கு ரெண்டு நாள்தான். பிறகு நேர்சிங்குக்கு மாத்தலாம்."

எப்படி மாற்றுவது? அதைத்தான் கேட்க நினைத்தாள். ஆனால் மகளின் முதல் நன்மை விழாவுக்கு வந்து வாழ்த்திய மனிதரை நாலுபேர் முன்னால் குறுக்குக் கேள்வி கேட்பதா? "ஓம் அண்ணை" என்று தலையாட்டிவிட்டாள். கணவன் கொட்வினுக்கும் யூனிவர்சிட்டி என்ற சொல் பிடித்துப்போனது. இந்த வயதில் மனைவி கொலிச்சுக்குப் போகிறாள் என்று சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தும் குழப்பம் தீரவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், கொலிச்சுக்கே போனாள். சேர்க்கை மேசையிலிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். பிஸ்னஸிலிருந்து நேர்சிங்குக்கு இடையில் தாவ முடியாது. கொலிச் படிப்புக்கு அரசாங்கக் கடன் எடுத்தாலும், பிறகு பட்டப்படிப்பை முடித்தால் அந்தக் கடன் தள்ளுபடி.

"அப்ப அண்ணை பொய் சொன்னவரோ?" என்று, அன்றிரவு அவள் சொன்னதைக் கேட்டுக் கொட்வின் குழம்பினான்.

"தெரியாது. எப்பிடி மாத்திறது எண்டு நாங்கள் கேக்கேல்லை எல்லோ."

அடுத்த ஞாயிறு, விண்ணப்பத்தோடு வைக்கப் பாஸ்போட் கொப்பி எங்கே என்று அருள்நேசன் கேட்டார். பிரியந்தி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். "இல்லை அண்ணை, நான் கொலிச்சுக்குத்தான் போறன்."

"ஆர் உமக்குச் சொன்னது?"

அவள் வாயெடுப்பதற்குள் கொட்வின் முன்னால் வந்தான். "அங்கயே போய்க் கேட்டவ, அண்ணை. எங்கட ஆள் எண்டு நம்பலாம். ஆனா படிக்கிற இடத்தில கேக்காமல் ஒருத்தரும் கையெழுத்து வைக்கக் கூடாது."

அருள்நேசன் யாரோ கூப்பிட்டதுபோல வெளியே போனார். பிறகு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த றூபினி அக்கா மெல்ல அருகில் வந்தாள். மருந்தாளராகும் ஆசையில், அருள்நேசனை நம்பி அதே பிஸ்னஸ் படிப்பில் சேர்ந்திருந்தான் அவளுடைய மகன்.

"தங்கச்சி, அந்தக் கொலிச்சுக்கு எந்த பஸ்?"

றூபினி அக்காவின் மகனுக்குப் படிப்பை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறதுதானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?