நெஞ்சுல தொங்கின சோலார் தகடு

சொந்தக் கால் கண்ணுக்குத் தெரியாம நீங்க எப்பவாவது மலை ஏறியிருக்கீங்களா? கரண்டி ஏறியிருக்கார். அதுவும் ஒரு மத்தியானம் முழுசா.

கரண்டிங்கிறவர் மலையேறக் கூட்டிட்டுப் போற ஒரு கம்பெனியில சமையல்காரர். சட்டைப் பையில எப்பவும் ஒரு கரண்டி எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கும். அதனால அந்தப் பேரு. அடுப்பு, பாத்திரத்தோட இன்னொரு சாமானும் அவர் பொறுப்பு: நாலா மடிக்கிற சோலார் தகடு. காலையில அதை விரிச்சு, முதுகுப் பையில கொக்கி போட்டு மாட்டிக்குவார். அவர் நடக்க நடக்க அதுல வெயில் படும், பவர் பேங்க் நிறையும். சாயங்காலம் எல்லாரும் வரிசையா சார்ஜ் போட்டுக்கலாம். வரிசை, வழிகாட்டியா வர்ற கைடம்மாவோட நோட்டுல இருக்கும். முதல்ல வயர்லெஸ். அப்புறம் பணம் கட்டி வந்தவங்க. கடைசியில கரண்டி.

இந்தத் தடவை ரெண்டு நாளா வானத்தை மேகம் மூடிக்கிச்சு. வந்த நாலு பேரோட ஃபோனும் செத்துப் போச்சு. கரண்டியோடதும்தான். மத்த நாளா இருந்தா அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஆனா முந்தின நாள் வயர்லெஸ்ல அவர் சம்சாரம் சொல்லி அனுப்பின சேதி வந்திருந்தது. அடுத்த மாசம்னு சொன்ன ஆபரேஷனை நாளன்னிக்குக் காலையிலயே வெச்சுட்டாங்களாம். ஏழு வயசுப் பொண்ணுக்கு, காதுல. பிறந்ததுலேர்ந்து அதுக்குக் காது கேக்காது. வீட்டுல எல்லாரும் கையாலதான் பேசிக்குவாங்க. ‘அப்பாவைப் பார்க்காம உள்ள போக மாட்டேன்’னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதாம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோல வரணும்.

இறங்கிப் போகலாம்னா மூணு நாள் ஆகும். டவர் கிடைக்கிறது மேல கணவாய்ல மட்டும்தான். அங்க மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேரலாம்.

சேதி வந்த மறுநாள் காலையில வெயில் பளிச்சுன்னு அடிச்சது. கரண்டிக்கு வாயெல்லாம் பல்லு. தகட்டை முதுகுல மாட்டிக்கிட்டு முன்னால நடந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தப்ப பவர் பேங்க் பொத்தானை அமுக்கினார். நாலு புள்ளி எரியணும். ஒரே ஒரு புள்ளி, அதுவும் கண் சிமிட்டிக்கிட்டு இருந்தது.

“என்னங்க கரண்டி, தகடா, தட்டா?” வந்த நாலு பேர்ல ஒருத்தரான போட்டோக்காரர் மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சது. சார்ஜ் வரிசையில வயர்லெஸ்ஸுக்கு அடுத்து அவர்தான். “இவ்ளோ தூரம் ஏறி வந்து ஒரு படம் எடுக்கலை நான்.”

கைடம்மா கரண்டியோட முகத்தையே பார்த்தாங்க. மூக்கும் நெத்தியும் வெந்து சிவந்திருந்தது.

“அண்ணே, காலையிலேர்ந்து எந்தப் பக்கம் நடந்தோம்?”

“கிழக்க.”

“வெயில் எங்க அடிச்சுது?”

“மூஞ்சியில…” சொல்லும்போதே கரண்டிக்குக் குரல் இறங்கிப் போச்சு. “தகடு முதுகுல.”

அஞ்சு மணி நேரம் அவர் உடம்பு தகட்டுக்குக் குடை பிடிச்சிருக்கு. இவ்வளவு நாளும் அவங்க போனது வடக்கு நோக்கிப் போற பாதை, வெயில் முதுகுல விழும். இந்தப் புதுப் பாதையில யாரும் அதை யோசிக்கலை. மத்தியானத்துக்கு மேலயாவது சரியாகும்னு பார்த்தா, பாதை மலையைச் சுத்தி மேற்க திரும்புது. வெயிலும் கூடவே மேற்க வந்துடும். மறுபடியும் மூஞ்சிக்குத்தான்.

“இங்கயே விரிச்சுப் போட்டு உட்காரலாமா?”ன்னார் கரண்டி.

“உட்கார்ந்தா அஞ்சு மணிக்கு டவர் கிடைக்காதுண்ணே.”

கரண்டி எழுந்து தகட்டைக் கழட்டி நெஞ்சுல மாட்டினார். முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. குனிஞ்சு பார்த்தா கருப்புத் தகடுதான் தெரியுது, பாதம் தெரியலை.

“விழுந்து கழுத்தை உடைச்சுக்கப் போறீங்க”ன்னார் போட்டோக்காரர்.

“உடைஞ்சா வேற ஆளைப் பார்த்துக்குங்க சார். ராத்திரி சோறு கொஞ்சம் நல்லாவே இருக்கும்.”

நாலு அடி வெச்சவர் தடுமாறினார். போட்டோக்காரர் முணுமுணுத்துக்கிட்டே வந்து கையைப் பிடிச்சார். “கல்லு. காலைத் தூக்குங்க. இன்னும். ஆங். இப்ப பள்ளம்.” கொஞ்ச தூரம் போனதும், “பாப்பாவுக்கு அப்பான்னு கையால எப்படிச் சொல்லணும்?”னு கேட்டார். கரண்டி கட்டை விரலால மீசையைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு மீசை இல்லையே”ன்னு போட்டோக்காரர் சொல்ல, ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்ச வேகத்துல ஒரு கல்லைச் சொல்ல மறந்துட்டார். கரண்டிக்குக் கால் கட்டை விரல் நகம் பேந்துச்சு.

கணவாய்க்குப் போனப்ப மணி நாலே முக்கால். பவர் பேங்க்ல ஒரு புள்ளி எரிஞ்சது, ரெண்டாவது கண் சிமிட்டிச்சு. கைடம்மா நோட்டைத் திறக்கலை, வயர்லெஸ்ஸை மட்டும் சொருகினாங்க. “அண்ணே, இதை மாத்த முடியாது. யாராவது விழுந்தா இதுதான்.”

“தெரியும்மா.”

பத்து நிமிஷம். கரண்டி தகட்டை ஒரு பாறையில சாய்ச்சு வெச்சுட்டு, வெயிலையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வரிசைப்படி ஒயர் போட்டோக்காரர் கைக்கு வந்தது. அவர் கொஞ்சம் யோசிச்சார். அதை மறைச்சு எழுத வேண்டாம், யோசிச்சார். அப்புறம் கரண்டி ஃபோன்ல சொருகினார்.

அஞ்சு அஞ்சுக்கு லைன் கிடைச்சது. ரெண்டு கையும் பேசறதுக்கு வேணும்கிறதால போட்டோக்காரரே ஃபோனைப் பிடிச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில், பச்சைக் கவுன், ரெண்டு பக்கமும் மழிச்ச தலை. பொண்ணு வேகமா கையாட்டுச்சு.

“என்ன சொல்லுது?”ன்னு கேட்டாங்க கைடம்மா.

“நாளைக்கு அப்புறம் காது கேட்கும். அப்ப, அப்பா, நீ என்கூடக் கையால பேசுவியா, மாட்டியான்னு கேட்குது.” கரண்டி கைடம்மா பக்கம் திரும்பினார். “ஆபரேஷனுக்கு இல்லைங்க, இதுக்குத்தான் பயந்திருக்கு.”

கரண்டி கையை நல்லா மேல தூக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பேசுவேன். எப்பவும். நீ கிழவியானாலும். பொண்ணு மீசை இருக்கிற இடத்தைத் தொட்டுச்சு. அதோட படம் அணைஞ்சு போச்சு.

“நான் சொன்னதைப் பார்த்திருக்குமா?”ன்னார் கரண்டி. போட்டோக்காரர் பொத்தானை அமுக்கிப் பார்த்தார், ஃபோன் செத்துப் போயிருந்தது.

மறுநாள் காலையில எட்டே காலுக்கு வயர்லெஸ்ல சேதி வந்தது. ஏழு மணிக்குப் பொண்ணு கட்டிலை விட்டுத் தானா இறங்கி, ஆபரேஷன் அறைக்குள்ள நடந்து போயிருந்தது.