மாமனார் நின்ற சுவர்

மாப்பிள்ளை தன் வாழ்நாளில் கோணாமல் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சுவர். அதைத்தான் இடிக்கச் சொல்லி அவர் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

வீடு அவளுடைய அப்பா கட்டியது. ஆணி அடிப்பதிலிருந்து ஓடு மாற்றுவதுவரை கிழவரே செய்வார். வெளியாளை உள்ளே விடமாட்டார். வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளையும் சும்மா இருக்காமல் சுத்தியலைத் தூக்கினார். அவர் மாட்டிய அலமாரியில் வைத்த டம்ளர் தானே நடந்து விளிம்புக்கு வரும். அவர் பழுதுபார்த்த குழாயைத் திறந்தால் பக்கத்து அறையில் தண்ணீர் கொட்டும். மாமனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தொண்டையைக் கனைப்பார். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிச் சரியாக மாட்டிவிடுவார்.

மாமனார் கண்ணை மூடிய பிறகு, கரையான் தின்ற கொல்லைக் கதவை நிலையோடு பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார் மாப்பிள்ளை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தது. அவர் சாப்பாட்டுக்கு நடுவில்கூட எழுந்துபோய் வைத்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பூச்சு காய்ந்த அன்று சாயங்காலம் செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டி நடைவழியில் வந்து, சுவருக்கு முன்னால் நின்றது. ஒரு கனைப்பு. பொழுது சாய்ந்தால் செடிகளுக்குத் தண்ணீர் விடக் கிழவர் அந்த வழியாகத்தான் போவார் என்பது அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது.

வந்த சத்தம் திரும்பிப் போகவில்லை. விடிந்தும் அங்கேயே நின்றது. அந்த ஒரு முழ இடம் மட்டும் ஃபிரிட்ஜைத் திறந்தாற்போல் சில்லிட்டிருந்தது. குளியலறைக்குப் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்குங்கப்பா" என்பாள் மகள், துணி வாளியோடு. அவரும் தள்ளிக்கொண்டார்.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்து மரியாதையாக எடுத்துச் சொன்னார். "மாமா, முன்பக்கமா போய் வலது பக்கம் திரும்பினா தோட்டம்."

"அவர் கட்டின வீட்டுல அவருக்கே வழி சொல்றீங்களா?" மனைவியின் குரல் உடைந்தது. "மூட்டுவலிக்காரருங்க. எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?"

நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்லக் கிறீச்சிட்டது.

"நாளைக்கு இடிக்கலேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"எப்படிக் கூட்டிட்டுப் போவே?"

"கூப்பிட்டா வருவாரு. உங்களை மாதிரியா?"

சுவரைக் காப்பாற்றும் கடைசி முயற்சியாக மாப்பிள்ளை தெருக்கோடிக் கொத்தனாரை அழைத்து வந்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார், விரலால் தட்டினார்.

"யார் கைவேலை?"

"என்னோடதுதான்."

"விளையாடாதீங்க சார்."

"சத்தியமா."

"சுவரு அமர்க்களம். இடம்தான் தப்பு." சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்காரப் போன கொத்தனார், பாதியில் எழுந்தார். "மன்னிச்சுக்குங்க, ஆள் இருக்கறது தெரியல" என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை சுத்தியலையும் உளியையும் எடுத்தார். ஆட்டின் தலையை வெட்டப் போகிறவன் மாதிரி சுவரை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பாழாய்ப்போன சுவர், கட்டிய நேர்த்திக்கு அசைய மாட்டேன் என்றது. மூச்சு வாங்க அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அதன் பிறகு மாப்பிள்ளை ஓர் அடி அடித்தால் இரண்டு சத்தம் கேட்டது. ஒரு கல் விழ வேண்டிய இடத்தில் இரண்டு கல் விழுந்தன. மாமனார் உயிரோடு இருந்தவரை இருவரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்ததே இல்லை.

வழி திறந்தபோது மஞ்சள் வெயில் நடைவழிக்குள் வந்து விழுந்தது. மாப்பிள்ளை ஒதுங்கி நின்றார். "போங்க மாமா."

குளிர் நகரவில்லை.

"நீங்க முன்னால போங்க" என்றாள் மனைவி. "மாப்பிள்ளை நிக்கும்போது அப்பா என்னைக்காவது முன்னால போயிருக்காரா?"

உண்மைதான். எந்த வாசலானாலும் கிழவர் கையைக் காட்டிவிட்டுப் பின்தங்குவார். தன் நடையில் என்ன கோணல் என்று பார்க்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று மாப்பிள்ளை இத்தனை வருஷமாக நினைத்திருந்தார்.

கல் குவியலைத் தாண்டி அவர் இறங்கினார். குளிர் பின்கழுத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே இறங்கியது. பூவாளியை நிரப்பிக்கொண்டு ரோஜாவிடம் போனார். பின்னால் கனைப்பு. திசை மாறி எலுமிச்சையிடம் போனார். கனைப்பு இல்லை. வேரில் ஊற்றினார். மண் குடிக்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்கும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை.

"அடுத்தது எது மாமா?" என்று கேட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.